வண்டி எண்: நான்

அட்டையில் 'வண்டி எண்' என்ற கட்டத்தில் எண் எதுவும் இல்லை. 'நான்' என்று மட்டும் எழுதியிருந்தது.

பஸ் டிப்போவின் பணிமனையில் காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம். வழியில் நின்றுபோய் இழுத்துவரப்பட்ட வண்டிகள் ஒரு பக்கம், பிரேக்கில் சத்தம் வருகிறது என்று டிரைவர்கள் விட்டுப்போன வண்டிகள் இன்னொரு பக்கம், நடுவில் டீ கிளாஸும் ஸ்பேனருமாக ஆட்கள். சுவரில் ஒரு நீளப் பலகை, பலகை முழுக்க ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வேலை அட்டை. எந்த வண்டி, என்ன பழுது, என்ன செய்ய வேண்டும், என்ன பாகம் தேவை, வேலையை எடுத்தவர் யார், முடிந்த பின் சோதித்தவர் யார் என்று அட்டையில் கட்டங்கள் இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பலகையைப் பார்ப்பார்கள். தனக்குத் தோதான அட்டையில் 'எடுத்தவர்' கட்டத்தில் பெயரெழுதிவிட்டு வண்டிக்குப் போவார்கள்.

அன்று பலகைக்கு முதலில் வந்தவர் எலெக்ட்ரீஷியன். டிப்போவில் அவரை 'கரண்ட்டு' என்றால்தான் தெரியும்.

"யாருப்பா இந்த 'நான்'? புது மாடல் வண்டியா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றவர், கூட்டம் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திப் படிக்க ஆரம்பித்தார். "பழுது: வயது ஐம்பத்தேழு. ஆசைப்பட்ட எதையும் செய்து பார்க்கவில்லை. செய்ய வேண்டியது: சிவப்பு ஷூ வாங்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அடுப்புப் பக்கமே போகக் கூடாது..."

சிரிப்பு கிளம்பியது. படிக்கப் படிக்கப் பெருகியது. பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லா முகங்களும் ஸ்டோர் ஜன்னலின் பக்கம் திரும்பின. ஜன்னலில் ஆள் இல்லை. ஏர் ஃபில்டர் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நரைத்த கொண்டை ஒன்று மட்டும் தெரிந்தது.

ஸ்டோர் அக்கா ஒளிந்துகொண்டிருந்தார்.

அவரை ஒளியும் ரகம் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. உதிரிபாகக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. ஃபேன் பெல்ட்டிலிருந்து பிரேக் லைனிங் வரை எது வேண்டுமானாலும் அந்த ஜன்னலில்தான் கேட்க வேண்டும். பழைய பாகத்தைக் கொண்டுவந்து காட்டாதவருக்குப் புதியது கிடைக்காது. "பழசு எங்கே?" என்ற அவருடைய கேள்விக்கு மேனேஜரே ஒருமுறை பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போயிருக்கிறார். இரண்டு டிப்போக்களுக்கு நடுவே சாமான் ஏற்றிப்போகும் சிறிய வேனையும் அவரே ஓட்டுவார்.

அட்டை பலகைக்கு வந்த கதை இது. முந்தின நாள் நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்திருந்தது. வெள்ளைச் சட்டை, காதில் மைக். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, வாழ்க்கையில் செய்து பார்க்க ஆசைப்படுவதையெல்லாம் பட்டியலாக எழுதுங்கள் என்றார். "லீவு" என்று ஒருவர் எழுதினார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்து "ரெண்டு லீவு" என்று எழுதினார். அக்கா வெற்றுத் தாளையே திருப்பிக் கொடுத்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் ஓடாது. கட்டம் வேண்டும்.

மதியம் ஜன்னலில் கூட்டம் ஓய்ந்ததும் வேலை அட்டை ஒன்றை எடுத்தார். பழுது என்ன, செய்ய வேண்டியது என்ன, தேவையான பாகம் என்ன. கட்டங்கள் கேட்கக் கேட்க ஆசைகள் தாமாக வந்து உட்கார்ந்தன. எழுதி முடித்ததும், வழக்கமாக ஒவ்வொரு அட்டைக்கும் செய்வதை இதற்கும் செய்துவிட்டார். ஸ்டோர் முத்திரையைக் குத்தி, வெளியே போகும் தட்டில் வைத்துவிட்டார். எத்தனையோ வருஷமாக அதே வேலையைச் செய்த கை. அது அவரைக் கேட்கவில்லை. காலையில் ஃபோர்மேன் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற அட்டைகளோடு சேர்த்து மாட்டிவிட்டார்.

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த அக்கா நேராக ஃபோர்மேனிடம் போனார். அவரைவிட ஏழெட்டு வயது இளையவர், எதற்கும் அவசரப்படாத மனிதர்.

"தம்பி, அது தெரியாம வந்துடுச்சு. கழட்டிக் குடுங்க."

"முத்திரை யாருதுக்கா?"

"என்னுதுதான்."

"கட்டமெல்லாம் நிரப்பினது?"

"நான்தான். என்ன தம்பி, கோர்ட்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"அப்ப அட்டை செல்லும். வேலை முடியாம அட்டை இறங்காது. இந்தச் சட்டத்தைக் கொண்டாந்ததே நீங்கதானே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. பல வருஷத்துக்கு முன்னால், அவசரத்தில் யாரோ ஓர் அட்டையைப் பாதி வேலையில் கழற்றிவிட, சக்கரத்தின் நட்டுகள் சரியாக முறுக்கப்படாமலே ஒரு வண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. நல்ல வேளையாக முனையிலேயே சக்கரம் ஆட, டிரைவர் நிறுத்திவிட்டார். அன்று டிப்போ அதிரச் சண்டை போட்டவர் அக்காதான். ஒருமுறை மாட்டிய அட்டை, செய்தவர் ஒருவர் சோதித்தவர் இன்னொருவர் என்று இரண்டு கையெழுத்தும் விழாமல் இறங்கக் கூடாது. மேனேஜர் சொன்னாலும் கூடாது. அந்தச் சட்டம் இப்போது அவர் கழுத்திலேயே விழுந்தது.

"சரி, தொங்கட்டும். என் மானமும் சேர்ந்து தொங்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினார்.

டிப்போ ஆட்கள் வேலை என்று வந்துவிட்டால் விடமாட்டார்கள். சிவப்பு ஷூவைக் கரண்ட்டு எடுத்துக்கொண்டார். அவர் மனைவி செருப்புக் கடையில் வேலை செய்கிறவர். மறுநாளே ஷூ வந்துவிட்டது. சாம்பல் நிறச் சீருடையும் பளபளவென்ற சிவப்பு ஷூவுமாக, பணிமனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அக்காவை நடக்கவைத்துப் பார்த்த பிறகுதான் வெல்டர் 'சோதித்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். "ஓட்டத்துல சத்தம் இல்ல, பிடிப்பு நல்லாயிருக்கு" என்று குறிப்பு வேறு எழுதினார்.

அடுப்பு சமாசாரத்துக்கு மகள் வந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. டிப்போவுக்கே வந்து, பலகை எங்கே என்று கேட்டுப் போய், அட்டையில் தன் பெயரை எழுதிவிட்டுப் போனாள். வார விடுமுறையன்று அவளும் அப்பாவும் சமையலறையைக் கைப்பற்றினார்கள். அக்கா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கருகல் வாசனை வந்தபோதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். "அம்மா, எழுந்தா கணக்குல சேராது!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாதி வெந்ததும் பாதி தீய்ந்ததுமாக வந்த சாப்பாட்டை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டதுதான் அன்றைக்கு அவர் பட்ட பெரிய பாடு.

பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியைத் தேடிப் பிடித்து, வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று ஒன்று இருந்தது. டயர் பிரிவில் ஒருவருடைய மைத்துனிக்குத் தெரிந்தவர் மூலமாக நம்பர் கிடைத்தது. "அது என் குடைடீ! நீதான் எங்கிட்ட வாங்கினே!" என்று எடுத்த எடுப்பிலேயே தோழி கத்த, இருவரும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். இப்போது வாரம் ஒருமுறை போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொரு வரி, விமானத்தில் ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்பது. அதைத் தொட யாருக்கும் துணிவில்லை.

கடைசி வரிக்குக் கீழே மட்டும் அக்கா இரண்டு கோடு போட்டிருந்தார். 'பஸ் ஓட்ட வேண்டும். பெரிய பஸ். நானே.' அதற்கு எதிரில், தேவையான பாகம் என்ற கட்டத்தில்: 'தைரியம். கையிருப்பு இல்லை.'

இதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேருக்கும் காரணம் தெரியும். அந்த டிப்போவிலிருந்து கிளம்பும் வண்டி எதுவானாலும் அதில் அக்காவின் கை படாத பாகம் இருக்காது. ஆனால் பஸ்ஸில் அவர் உட்கார்ந்ததெல்லாம் டிக்கெட் எடுத்துத்தான். "ஊருக்கெல்லாம் செருப்பு தைச்சுக் குடுத்துட்டு நான் மட்டும் வெறுங்கால்ல நடக்கறேன்" என்று அவரே எப்போதோ சொல்லியிருக்கிறார்.

ஆசைக்குக் கெடுவும் இருந்தது. கனரக வாகன லைசென்ஸ் வாங்கப் பழக வேண்டுமானால் டிப்போவின் பழைய பயிற்சி பஸ் ஒன்றுதான் கதி. அதைப் பணியில் இருப்பவர் மட்டுமே தொடலாம். அக்கா அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும். வெளியே யாரும் அந்த வயதில் ஒரு பெண்ணின் கையில் பஸ்ஸைக் கொடுத்துப் பழகச் சொல்லப்போவதில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஃபோர்மேன் பலகை முன்னால் நின்றார். காதிலிருந்த பேனாவை எடுத்தார். கடைசி வரிக்கு எதிரில் தன் பெயரை எழுதினார்.

அக்காவின் வீட்டுக்காரர் முடி திருத்துபவர். கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்ட சலூன். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர் இந்தச் செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார்.

"வேன் ஓட்டற இல்ல? போதாதா?"

"நீங்க மட்டும் குழந்தைங்களுக்கு முடி வெட்டினா போதும்னு நின்னீங்களா?"

"முடிக்கும் பஸ்ஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சம்பந்தமில்லாத விஷயத்துல ஏன் தலையைக் குடுக்கறீங்க?"

"தலையைக் குடுக்கறது என் வாடிக்கைக்காரங்க. நான் வாங்கறவன்" என்று முணுமுணுத்தார். அதற்கு மேல் தடுக்கவில்லை. பயம்தான் அவருக்கு. அதை வெளியே சொல்வதில்லை.

பயிற்சி வேலை நேரம் முடிந்த பிறகு டிப்போவுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் நடந்தது. முன்னால் ஓட்டுவதில் அக்காவுக்குச் சிரமமே இல்லை. கிளட்ச்சின் கனம் இரண்டு வாரம் காலைக் கடுக்கவைத்தது, பிறகு பழகிவிட்டது. திருப்பங்களில் பின்பக்கம் எவ்வளவு உள்ளே வரும் என்பதும் கைவந்துவிட்டது. ரிவர்ஸில்தான் ஆட்டம் கண்டது. இரண்டு வரிசைக் கம்பங்களுக்கு நடுவே அவ்வளவு நீள வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய், கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். கிளம்பும்போது நேராகத்தான் கிளம்புவார். பாதியில் வண்டி பாம்பாகும்.

"ஒரே மூச்சுக்கா, ஒரே மூச்சு! நிக்காம வாங்க!" என்று ஃபோர்மேன் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கத்துவார்.

'ஒரே மூச்சு' என்பது அந்த டிப்போவின் வேதம். அங்கே ரிவர்ஸ் எடுக்கிறவர் நடுவில் நிறுத்தினால் அவ்வளவுதான். சுற்றியிருப்பவர்கள் வண்டியின் தகரத்தில் தட்டி, "என்னண்ணே, மூச்சு வாங்குதா? தண்ணி வேணுமா?" என்பார்கள். யாராவது நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீரை ஜன்னலில் நீட்டுவார்கள். தண்ணீர் வாங்கிய டிரைவர் என்ற பெயர் மாதக்கணக்கில் கூடவே வரும். டிப்போவுக்குள் வளர்ந்த யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. அக்காவும் டிப்போவில் வளர்ந்தவர்தான்.

முதல் தேர்வுக்குப் போனார். தேர்வு மைதானத்தில் லாரிக்காரர்களும் தண்ணீர் வண்டிக்காரர்களுமாகப் பெருங்கூட்டம். வேலியெங்கும் ஆட்கள். பெண் என்று வரிசையில் அவர் ஒருவர்தான். பேர் கூப்பிட்டதும் ஏறினார். முன்னால் ஓட்டிக் காட்டியது பிசிரில்லாமல் முடிந்தது. ரிவர்ஸில் வலது கண்ணாடி, இடது கண்ணாடி, மறுபடி வலது என்று பார்த்துப் பார்த்துத் திருப்பி, கடைசிக்கு முந்தின கம்பத்தைப் பின்பக்கத்தால் அணைத்துச் சாய்த்தார்.

"அக்கா! கம்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவா? சொன்னா கட்டியே குடுத்துடுவோமே!" என்று வேலியிலிருந்து ஒரு குரல். மொத்த வேலியும் சிரித்தது.

தேர்வு அதிகாரி தாளில் கோடு போட்டார். "அடுத்த தடவை வாங்கம்மா" என்றார். குரலில் கேலி இல்லை, ஆறுதலும் இல்லை. அடுத்த தேதி ஓய்வு பெறுவதற்குச் சரியாக முந்தின வாரம் கிடைத்தது. அதுதான் கடைசி வாய்ப்பு.

அன்று சாயங்காலம் அக்கா வீடு திரும்பினார். "கம்பம் சாஞ்சுதாமே" என்று மட்டும் கணவர் கேட்டார். கடைத்தெருச் செய்தி சலூனுக்கு வராமல் எங்கே போகும்? அக்கா துணி மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். அக்காவின் பயத்தைக் கணவர் பார்த்திருக்கிறார், கோபத்தைப் பார்த்திருக்கிறார். இது எதுவும் இல்லை. இவ்வளவு நாளும் ஆசையாக இருந்தது, இன்று முடியாதோ என்ற சந்தேகமாக மாறியிருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

சலூனுக்கு விடுமுறையான ஒரு பகல். "கடைக்கு வா" என்று கூப்பிட்டார்.

"எனக்கென்ன முடி வெட்டப் போறீங்களா?"

"வான்னா வாயேன்."

நாற்காலியில் உட்காரவைத்தார். எதிரே சுவர்க் கண்ணாடி. தன் கைக்கண்ணாடிகள் இரண்டை எடுத்து, பஸ்ஸில் இருப்பதுபோல வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்த்து நிறுத்தினார். அக்காவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "இதான் ஸ்டீயரிங். எப்படிப் பின்னால போவே, செஞ்சு காட்டு" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் செய்து காட்டினார். வலது கண்ணாடி, தட்டைத் திருப்பினார். இடது கண்ணாடி. மறுபடி வலது.

கணவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை."

செய்தார்.

"கண்ணு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்குப் போற நேரத்துல கை ஏன் திரும்பிக்கிட்டே இருக்கு?"

"நிறுத்தக் கூடாதுங்களே."

"நான் ஒருத்தன் கழுத்துல கத்தி வெச்சிருக்கேன். கண்ணாடியில அந்தப் பக்கம் சரியா இருக்கான்னு பார்க்கணும். என் கண்ணு நகர்ந்து முடியற வரைக்கும் கத்தி நிக்கணும். நிக்கலைன்னா அவன் எழுந்து வீட்டுக்குப் போகமாட்டான். கண்ணு போனா கை நிக்கணும், கண்ணு நின்னாத்தான் கை போகணும். உன் கை, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல குருட்டுத்தனமா ஓடுது."

"பஸ்ல பாதியில நிறுத்தினா தண்ணி நீட்டுவாங்க."

"யாரு? தேர்வு வைக்கிற ஆபீசரா?"

அக்கா யோசித்துப் பார்த்தார். அதிகாரி ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. எந்தத் தாளிலும் அப்படிப் படித்த ஞாபகம் இல்லை. போனை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

"தம்பி, தேர்வுல ரிவர்ஸ் எடுக்கறப்போ நடுவுல நிறுத்தலாமா?"



"நிறுத்தலாம்க்கா. மூணு தடவை வரைக்கும் மார்க் குறையாது." ஃபோர்மேன் இழுத்தார். "ஆனா... நிறுத்தினா அசிங்கமில்லையாக்கா?"

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கணவரும் சேர்ந்துகொண்டார். டிப்போவே சேர்ந்து அவரைத் தேர்வுக்குத் தயார் செய்யவில்லை. டிப்போவின் மரியாதையைக் காப்பாற்றத் தயார் செய்திருந்தது. அதில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நிறுத்தலாம் என்ற நினைப்பே அந்த மதில்களுக்குள் யாருக்கும் வந்ததில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சி மாறியது. அக்கா நிறுத்தினார். பழக்கதோஷத்தில் வெல்டர் தகரத்தில் தட்டினார். "தட்டுங்க தம்பி, நல்லா தட்டுங்க. தண்ணி இருந்தா அதையும் குடுங்க, தாகமாத்தான் இருக்கு" என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது. நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, இடது கண்ணாடியை நிதானமாகப் பார்த்து, வண்டியை மறுபடி நகர்த்தினார். பின்னால் கம்பங்கள் அசையாமல் நின்றன. ஃபோர்மேன் பக்கவாட்டில் ஓடுவதை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசித் தேர்வு நாளன்று வேலியில் தெரிந்த முகங்களும் இருந்தன. கரண்ட்டு, வெல்டர், ஃபோர்மேன். சலூனை மூடிவிட்டுக் கணவர் வந்திருந்தார். வேலை நேரத்தில் கடையை மூடியது மகள் பிறந்த அன்றைக்குப் பிறகு இதுதான் என்று பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்காமலே.

ரிவர்ஸ். வண்டி கிளம்பியது. கால்வாசி வந்ததும் நின்றது.

"என்னக்கா, டீசல் தீந்துடுச்சா?" வேலியிலிருந்து அதே குரல்.

அக்கா திரும்பவில்லை. வலது பார்த்தார், இடது பார்த்தார், பிறகு கை நகர்ந்தது. இரண்டாவது முறை நின்றது. "இறங்கித் தள்ளட்டுமா?" சிரிப்பு. மறுபடி நகர்ந்தது. கடைசிக்கு முந்தின கம்பத்துக்கு அருகில் மூன்றாவது முறை நின்றது. இதற்கு மேல் நிறுத்த முடியாது. பின்பக்கத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான் இருந்தது. கணவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேலியிலும் சத்தம் அடங்கிவிட்டது. கேலி செய்தவர்களும் ஓட்டுநர்கள்தான். அந்த இடைவெளி எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரியும்.

வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். உள்ளே அக்காவின் கண் வலதுபுறமிருந்து இடதுபுறம் போய், அங்கே ஊன்றி நின்றது. அப்புறம்தான் கை. ஸ்டீயரிங் பாதி சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. பின்பக்கம் கம்பத்தை விட்டு விலகியது, கோட்டுக்குள் நுழைந்தது, பிரேக் சீறி அடங்கியது. ஒரு கம்பமும் ஆடவில்லை.

முதலில் கைதட்டியது அந்தக் கேலிக்குரல்காரர்தான். பிறகு வேலியே தட்டியது. அதிகாரி தாளில் கையெழுத்திட்டு நீட்டினார். "அவசரப்படாம ஓட்டறீங்க. அதான் வேணும்" என்றார்.

"என் வீட்டுக்காரம்மா" என்றார் கணவர், லாரிக்காரரிடம். "தெரியும்ணே, காலையிலேர்ந்து இதையே நாலு தடவை சொல்லிட்டீங்க" என்றார் அவர்.

மறுநாள் டிப்போவில் கையெழுத்து வாங்குவதில் ஒரு சிக்கல். ஃபோர்மேன் கற்றுக்கொடுத்தவர், அதனால் சோதித்தவராகக் கையெழுத்துப் போட முடியாது. கடைசியில் மேனேஜரையே பயிற்சி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அக்கா மைதானத்தைச் சுற்றிவந்தார். இறங்கியதும் மேனேஜர் பேனாவைக் கேட்டார். "பழசு எங்கே சார்?" என்றார் அக்கா ஜன்னல் பழக்கத்தில், பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தார். விமான வரி மட்டும் கையெழுத்தில்லாமல் இருந்தது. அதைக் கழித்துவிட்டு அட்டையை இறக்கலாமா என்று ஃபோர்மேன் கேட்டார். அக்கா கூடாது என்றார். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

ஓய்வு பெற்ற கையோடு அவர் சும்மா இருக்கவில்லை. மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், இரவுப் பணி முடித்த ஊழியர்களைக் காலையில் வீடுகளுக்குக் கொண்டுபோய் விடும் பஸ்ஸுக்கு ஆள் தேவை என்றார்கள். விண்ணப்பித்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினார். ரிவர்ஸில் இரண்டு முறை நிறுத்தினார். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்தபோது கணவர் சலூனைத் திறந்து, ஒரு வாடிக்கைக்காரருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். சாவியைச் சுழற்றியபடி அக்கா உள்ளே நுழைந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன, எப்படி இருந்துச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒரு வார்த்தை பேசல."

"ஒருத்தர்கூடவா? பொம்பளை ஓட்டறாங்களேன்னு பார்க்கக்கூட இல்லையா?"

"முதல் திருப்பம் வரைக்கும் பார்த்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா தலையைச் சாய்ச்சுட்டாங்க. வண்டி முழுக்கத் தூக்கம். பின்னால ஒருத்தர் குறட்டை விட்டாரு பாருங்க, இன்ஜின் சத்தமே கேக்கல. இறங்க வேண்டிய இடத்துல எல்லாரையும் நான்தான் எழுப்ப வேண்டியதாப் போச்சு." சொல்லும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

கணவர் கத்தியை எடுத்துத் துடைத்தார். நாற்காலியில் இருந்த வாடிக்கைக்காரரைச் சுட்டிக்காட்டினார். தலை பின்னால் சாய்ந்து, கழுத்து முழுக்கச் சோப்பு நுரையோடு, அவர் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தத் தூக்கத்தைச் சம்பாதிக்க அஞ்சு வருஷம் ஆச்சு" என்றார். "உனக்கு ஒரு காலையில கிடைச்சிருக்கு. ரொம்பத்தான் அலட்டிக்காதே."

"ஏன் அலட்டிக்கக் கூடாது?" என்றார் அக்கா. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு முழுக்க அலட்டிக்கத்தான் போறேன். எனக்கு ஒரு டீ சொல்லுங்க."